உச்சிமாகாளி காரோட எஞ்சின் நம்பர்

செங்கோட்டையில, வாய்க்கால் பாலத்தை ஒட்டி, என் டீக்கடைக்கு நேர் எதுத்தாப்புல, தகரக் கொட்டகைக்குள்ள முப்பது வருஷமா நின்ன உச்சிமாகாளியோட அம்பாசிடர் காரு, ஆனி மாசம் பதினோராந்தேதி காலைல ஆறு மணிக்குத் தானா ஸ்டார்ட் ஆகி ஓட ஆரம்பிச்சுது. நின்ன இடத்துலயேதான் ஓடுச்சு, ஒரு இஞ்சு நகரலை, ஆனா ஓடுச்சு, பானெட் அதிர்ந்துது, கண்ணாடியெல்லாம் கிடுகிடுன்னுது, பின் சீட்டுல கூடு கட்டியிருந்த அணிலு குதிச்சு மரத்துல ஏறிட்டு. முப்பது வருஷம் கெடந்த வண்டி எப்படி ஸ்டார்ட் ஆச்சுன்னு நீங்க கேப்பீய. கேக்க வேண்டியது அது இல்ல. அந்த வண்டியில எஞ்சினே கிடையாது பாத்துக்கிடுங்க.

எஞ்சின் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்னா, அதைக் கழட்டி லாரியில ஏத்துனப்ப ஒரு முனையைப் பிடிச்சவன் நான். எம் பேரு கொம்பையா. அப்ப எனக்கு முப்பத்தோரு வயசு, உச்சிமாகாளிக்கும் அதே வயசு. குத்தால சீசனுக்கு டாக்ஸி ஓட்டுனவன் அவன். அந்த வருஷம் ஸ்டாண்டுல நின்ன அத்தனை பேரும் பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிப் போட்டுட்டு டீசல் எஞ்சின் மாட்டிக்கிட்டு இருந்தாக, அவன் ஒருத்தன் மட்டும் மாட்டேன்னு நின்னான், இந்தச் சத்தம் இல்லாம எனக்கு ஸ்டீயரிங்கு பிடிக்க வராதுன்னான், ஆனா அவன் பொண்டாட்டி செண்பகவடிவு, வடிவுன்னுதான் நாங்க கூப்பிடுவோம், விடலை. "சத்தத்தை வச்சு என்ன செய்யப் போறீய? ஊரே மாத்தியாச்சு. மதுரைல இதைக் குடுத்துட்டு டீசல் எஞ்சின் எடுத்துட்டு வாங்க"ன்னு எந்திரிச்சா ஒரு தரம், படுத்தா ஒரு தரம் சொல்லிக்கிட்டே இருந்தா. கடைசில ஒரு நாள் சரின்னுட்டான்.

லாரியில ஏத்துததுக்கு முன்னால அவன் ஒரு காரியம் செஞ்சான். வண்டி கை மாறினாலோ எஞ்சின் மாறினாலோ ஆர்டிஓ ஆபீஸ்ல பென்சில் பிரிண்ட் கேப்பாக. எஞ்சின்ல வெட்டியிருக்க நம்பர் மேல வெள்ளைத்தாளை ஒட்ட வச்சுப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேச்சா நம்பரு தாளுல எந்திரிச்சு வரும், அதுதான் சாட்சி, எழுதிக் குடுத்தா ஒத்துக்கிட மாட்டாக. அந்தப் பிரிண்டை எடுத்து வடிவு கையில குடுத்து, "பத்திரமா வச்சுக்கோ, நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன்"னான். பெறவு காலி வண்டியை நாங்க நாலு பேரு தள்ளிக் கொட்டகைக்குள்ள விட்டோம், அவன் உள்ள உக்காந்து ஸ்டீயரிங்கைத் திருப்புனான், உக்காந்த பழக்கத்துல சாவியையும் திருப்பி ஆன் பண்ணிவிட்டான், நாங்க எல்லாம் சிரிச்சோம். அந்தச் சாவி அப்படியே ஆன்லயே நின்னுட்டு.

மறுநாள் சாயங்காலம் அவன் வரலை. மதுரைல அவன் எறங்கவே இல்லைன்னும் எஞ்சினோட அதே லாரியில வடக்க போயிட்டான்னும் மட்டும் விசாரிச்சதுல தெரிஞ்சுது, அதுக்கு மேல ஒரு தாக்கலும் இல்ல. வடிவு சத்துணவுக் கூடத்துல சமையலுக்குப் போனா, தாலியைக் கழட்டலை, சாவியைத் தொடலை, யாரையும் தொட விடவும் இல்ல. "நாந்தான அனுப்புனேன், போக மாட்டேன்னவரை நாந்தான தள்ளி அனுப்புனேன்"னு முப்பது வருஷமா இந்த ஒரு பேச்சைத்தான் பேசுனா. எம் பொண்டாட்டி போய்ச் சேந்தபொறவு வடிவுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவமான்னு எனக்கு ஒரு நினைப்பு வந்தது வாஸ்தவம், இந்த வயசுல சொல்லுததுக்கு என்ன வெக்கம், ஆனா தெனமும் காலைல டீயைக் கொண்டு போனா அவ கொட்டகையப் பாத்துக்கிட்டே வாங்குவா, "ரொம்ப நல்லது அண்ணாச்சி"ம்பா. அண்ணாச்சின்னு கூப்பிடுதவகிட்ட என்னத்தைக் கேக்க. கிளாஸைக் கழுவித் திருப்பித் தருவா, நான் கடைக்கு வந்துருவேன்.

இப்படி இருக்கையிலதான் வெறும் பானெட்டுக்குள்ள எஞ்சின் ஓடுச்சு. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு எட்டு மணி வரைக்கும் ஓடும், பெறவு நின்னுரும், மறுநாள் ஆறு மணிக்குத் திரும்பவும் ஓடும். ஊரு பயந்துட்டுன்னு நான் சொன்னா அது பொய்யி, பயப்படுததுக்கு எங்க ஊருல யாருக்கும் நேரம் இல்ல. ரெண்டாம் நாளே பானெட்டைத் தூக்கிப் பாத்தோம், உள்ள ஒண்ணும் இல்ல, தரைல முளைச்ச புல்லு தெரியுது, ஆனா கையை விட்டா சுடுது, வெளிய எடுத்தா விரல்ல கருப்பு ஆயிலு. அவ்வளவுதானான்னு பானெட்டை மூடிட்டு அவனவன் சோலியப் பாக்கப் போயிட்டான். சாரல் காலத்துல வெயிலு ஏது, அதனால இசக்கியம்மா முதல்ல அப்பளத்தைக் கொண்டாந்து பானெட் மேல காயப் போட்டா, அவளைப் பாத்துப் பள்ளிக்கூடத்து டீச்சருங்க ஈரக் குடையை விரிச்சு வச்சாக, நானும் பால் சட்டியை ஒரு ஓரமா வச்சேன், வயித்துவலிப் பிள்ளையளைப் பின் சீட்டுல கிடத்துனா அந்த அதிர்வுல ரெண்டே நிமிசத்துல தூங்குதுன்னு பண்பொழிலேருந்து தாய்மாருங்க முதல் பஸ்ஸுக்கே வந்தாக, மினிபஸ் கண்டக்டரு எங்க ஸ்டாப்புக்கு 'ஓடுத காரு'ன்னு பேரு மாத்திட்டான். மோட்டார் இன்ஸ்பெக்டரு ஒருத்தரு வந்து, ஓடுத வண்டின்னா புகைச் சர்டிபிகேட் வேணும்லான்னு சட்டம் பேசுனாரு. சைலன்சர்ல மெசினை வச்சுப் பாத்தாரு, புகை இல்ல. பெறவு ஓடாத வண்டின்னு எழுதிட்டு, என்கிட்ட ஒரு டீயைக் குடிச்சுட்டு, சூடு நல்லாருக்குன்னு ஈரக் கைக்குட்டையைப் பானெட் மேல காயவச்சுட்டுப் போனாரு. போகும்போது எடுக்க மறந்துட்டாரு, அது ரொம்ப நாளு என் கடையில கெடந்தது.

வடிவு மட்டும் இதுல எதுலயும் சேரலை. ஆறு மணிக்கு முன்னாலயே குளிச்சு, பூ வச்சு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டுல வந்து உக்காந்துருவா. எட்டு மணிக்கு நின்னதும் எறங்கிச் சத்துணவுக்குப் போவா. முப்பது வருஷத்துல நான் அவளைப் பூவோட பாத்ததே இல்ல. "அவரு எங்கயோ இருக்காரு அண்ணாச்சி. எஞ்சினை ஓட்டுதாரு. எனக்கு இங்க கேக்குது"ன்னா என்கிட்ட.

சந்தேகத்தைக் கிளப்புனவன் மைதீன்பிச்சை, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒர்க்‌ஷாப் வச்சிருக்க மெக்கானிக்கு, உச்சிமாகாளிக்குச் சேக்காளி. சும்மா இருந்திருக்கலாம், அவன் வாய் சும்மா இருக்காது. "மதினி, இந்த வண்டிக்கு எஞ்சின் ரெண்டுல்லா"ன்னான். அப்பதான் எங்களுக்கே ஞாபகம் வந்தது. வண்டி அம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி, எஸ்டேட் டாக்டரு ஒருத்தரு வாங்குனது, அது பொறந்தப்ப இருந்தது சைடு வால்வு எஞ்சின். அதுல வால்வு எல்லாம் பக்கத்துல இருக்கும், மேல தட்டையா ஒரு மூடி, நாலு பிளக்கும் அதுல நட்டுக்க நிக்கும், சத்தம் மெத்துனு இருக்கும். உச்சிமாகாளி டாக்டரு கையிலருந்து வண்டியை வாங்குன வருஷம் அது தேஞ்சு போச்சுன்னு மைதீன்தான் கழட்டிட்டு ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் மாட்டிவிட்டான், இதுல வால்வு எல்லாம் தலைக்கு மேல, டேப்பட்டு டிக்கு டிக்குனு தட்டுத சத்தம் கேக்கும். பொறந்த எஞ்சின் புனலூர்ப் பக்கம் ரப்பர் மில்லு ஒண்ணுக்குப் போச்சு. உச்சிமாகாளி லாரியில கொண்டு போனது வந்த எஞ்சின்.

அப்ப இப்ப ஓடுதது எது? அதுதான் கேள்வி. வந்த எஞ்சின்னா உச்சிமாகாளிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு, எங்கயாவது உயிரோட இருந்து ஓட்டுதான்னு ஒரு நம்பிக்கை வைக்கலாம். பொறந்த எஞ்சின்னா அது வெறும் பழைய இரும்பு, வடிவு கல்யாணத்துக்கு முந்தின கதை, அவ தினமும் பூ வச்சுக்கிட்டு வந்து உக்காருததுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. இதைச் சொன்னதும் அவ மூஞ்சி போன போக்கைப் பாத்து மைதீனே நாக்கைக் கடிச்சுக்கிட்டான்.

இந்த நேரம் பாத்துக் கோயமுத்தூர்லருந்து குப்புராஜுன்னு ஒருத்தரு வந்து சேந்தாரு. பழைய காருன்னா உசுரை விடுத மனுசன், எவனோ செல்போன்ல எடுத்து விட்ட படத்தைப் பாத்துட்டு ராவோட ராவா பஸ் ஏறி வந்திருக்காரு. அவருக்கு வேண்டியது பொறந்த எஞ்சின். "ஏனுங்க, வண்டி எந்த எஞ்சினோட பொறந்துச்சோ அதே எஞ்சினோட இருந்தாத்தானுங்க அது வண்டி. நடுவுல மாட்டுனதெல்லாம் ஒரிஜினல் ஆவுங்களா?"ன்னாரு. வடிவு அவரை ஒரு பார்வை பாத்தா. "நடுவுல வந்ததுதான் எம் புருசன் கையால ஓட்டுனது. எனக்கு அதுதான் ஒரிஜினலு"ன்னா. அவரு சரிங்கம்மான்னு, டாக்டரு நெஞ்சுல வைக்குத குழாயைப் பானெட்டுல வச்சுக் கேக்க ஆரம்பிச்சாரு.

பதினோரு நாள் கேட்டாரு பாத்துக்கிடுங்க. லாட்ஜுல ரூம் போட்டுத் தங்கி, காலைல ஆறுலேருந்து எட்டு வரைக்கும் கேட்டாரு, குனிஞ்சு கேட்டாரு, மல்லாக்கப் படுத்துக் கேட்டாரு, கடைசில சைடு வால்வுதான்னாரு. சத்தம் மெத்துனு அகலமா வருது, மேல தட்டுத சத்தம் இல்லைன்னாரு. மைதீன் துள்ளிக்கிட்டு வந்தான். "காதுல என்ன வச்சிருக்கீரு? மூணாம் நம்பர் டேப்பட்டுல ஒரு டிக்கு வருது கேக்கலையா? நான் வச்ச கேப்பு அது, எனக்குத் தெரியாதா?"ன்னான். அன்னையிலருந்து ஊரு ரெண்டாப் பிரிஞ்சுது, சைடு வால்வுக் கட்சி, ஓவர்ஹெட் கட்சின்னு. வால்வுன்னா அது கறுப்பா செவப்பான்னு தெரியாதவனெல்லாம் கட்சி கட்டுனான், சலூன்ல சண்டை, கல்யாண வீட்டுப் பந்தியில எலை போட்டபொறவு சண்டை, இசக்கியம்மாளும் அவ மருமகளும் ஒரே வீட்டுல ரெண்டு கட்சி, அப்பளம்கூடத் தனித்தனியா காய வச்சாளுக.

நான் சைடு வால்வுக் கட்சி. மெத்துனு கேக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். உண்மையைச் சொன்னா எனக்கு டிக்கு நல்லாவே கேட்டுது. ஆனா அவன் இல்லைன்னு ஆகணும்னு எனக்கு ஆசை, இந்த ஒரு தரமாவது அவ அந்தக் கொட்டகையை விட்டுத் திரும்பிப் பாக்கணும்னு ஆசை. ஒருநாள் டீ கொண்டு போனப்ப வடிவு கேட்டா: "அண்ணாச்சி, நீங்களுமா?" நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அன்னைக்குக் கிளாஸைக் கழுவாமலே குடுத்தா.

முடிச்சை அவுத்ததும் அவதான். மறுநாள் காலைல டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பென்சில் பிரிண்டை எடுத்துட்டு வந்தா, மடிச்ச மடிப்புல தாளு மஞ்சளாகிக் கெடந்துது, நம்பரு மட்டும் அப்படியே இருந்துது, கடைசில மூணு, எட்டு, பூச்சியம், ஏழு, அந்த எட்டு மட்டும் ஒரு பக்கமாச் சாஞ்சு. "ஆளாளுக்குக் காதை வச்சிக் கேட்டது போதும். எஞ்சினு உள்ளதான சூடா நிக்குது? நம்பரும் அதுலதான இருக்கும்? பிரிண்ட் எடுங்க"ன்னா. இம்புட்டு நாளா இது ஒருத்தன் மண்டையிலயும் ஏறலை. அத்தனை ஆம்பிளையளும் சத்தத்தைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கோம்.

வண்டி ஓடிக்கிட்டு இருக்கையிலேயே பானெட்டைத் தூக்கினோம். பாலம் வரைக்கும் கூட்டம். டைனமோ இருக்க இடத்துக்கு மேல, வலப்பக்கம், வெறும் காத்துல மைதீன் வெள்ளைத்தாளைக் கொண்டு போனான், ஒரு இடத்துல தாளு எதுலயோ முட்டி நின்னுது, "இருக்கு வே, இருக்கு"ன்னான். குப்புராஜு பென்சிலைப் படுக்கப் போட்டுப் பைய தேச்சாரு. முதல்ல ஒரு கரிப்பட்டை, அதுக்குள்ள ஒரு வெள்ளைக் கோடு, பெறவு ஒவ்வொண்ணா நம்பரு எந்திரிச்சுக் கடைசி நாலுக்கு வந்துது. மூணு. எட்டு. அந்த எட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு இருந்துது. மீதி நம்பருக்கு யாரும் காத்துக்கிட்டு இருக்கலை, ஓவர்ஹெட் கட்சிக்காரன் வெடி போட்டுட்டான். வடிவு ரெண்டு தாளையும் சேத்து வச்சுப் பாத்தா, பெறவு நெஞ்சோட வச்சுக்கிட்டு, இத்தனை பேரு நிக்கோமேன்னு பாக்காம அழுதா.

குப்புராஜு நல்ல மனுசன். தோத்துட்டோமேன்னு மூஞ்சி சுருங்குனாலும் அவ முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "அம்மா, எஞ்சின் உங்களுதுதானுங்க. நான் கேட்டது தப்பு. ஆனா ஒண்ணு சொல்றனுங்க, மனசு நோவாதீங்க. இது ரோட்டுல ஓடுற சத்தம் இல்லீங்க, கியர் மாறவே இல்ல, ஒரே லோடு. மண்ணெண்ணெய்ல தண்ணி இறைக்குதுங்க. எஞ்சின் எதுன்னு நம்பர் சொல்லிருச்சு. ஓட்டறது யாருன்னு நம்பர் சொல்லாதுங்களே"ன்னாரு. மைதீனும் பைய வாயைத் திறந்தான். "மதினி, நானும் சொல்லணும்னு இருந்தேன். காலைல எஞ்சின்ல ஹேண்டிலைச் சொருகி இழுத்துச் சுத்துத சத்தம் கேக்குதுல்லா? ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவுது. நம்மாளு மூணு இழுப்பு இழுப்பான். ரெண்டு இழுத்துட்டு நின்னு துண்டை இறுக்கிக் கெட்டுவான், பெறவுதான் மூணாவது."

"முப்பது வருஷத்துல கை பழகியிருக்கும்"னா வடிவு. சொல்லிட்டாளே தவிர அவ குரலு எறங்கிட்டு.

அன்னைக்குச் சாயங்காலம் என் கடை வாசல்ல வந்து நின்னா, தானா வந்து நின்னது அதுதான் முதல் தரம். "அண்ணாச்சி, நாளைக்கு நான் சாவியை அணைக்கப் போறேன்"னா. எனக்குப் பதறிட்டு. அணைச்சுப் பெறவு ஓடலைன்னா? அதுதான் எங்க எல்லாருக்கும் பயம், அவளுக்கும் அதுதான் பயம், இருக்கதே அந்த ரெண்டு மணி நேரச் சத்தம்தான். அப்பதான் அந்தச் சமாச்சாரத்தைச் சொன்னா. கல்யாணமான புதுசுல, வெளிய போகணும்னா உச்சிமாகாளி வண்டியை வாசல்ல நிறுத்தி ஸ்டார்ட்லயே வச்சுக்கிட்டு, வா வான்னு ஆரனை அடிப்பான். இவ தலை சீவிக்கிட்டே வந்து ஜன்னல் வழியாக் கையை விட்டுச் சாவியை அணைப்பா, "பெட்ரோலு வீணாப் போவுது"ம்பா, உள்ள போயிருவா. அவன் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவான். இவ வந்து திரும்ப அணைப்பா. மூணாவது தடவை அணைச்சா அவன் ஸ்டார்ட் பண்ண மாட்டான், எறங்கிச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள வந்துருவான், அதுக்கப்பறம் எங்கயும் கெளம்ப மாட்டாக.

"அவருன்னா மூணாவது தடவைக்கு நிறுத்திருவாரு. வேற யாராவதுன்னா நாலாவது தடவையும் ஸ்டார்ட் பண்ணுவாக"ன்னா. "எனக்குத் தெரிஞ்சாகணும் அண்ணாச்சி. தெரியாம இருந்தது போதும்."

மறுநாள் ஆறு மணிக்கு வண்டி ஓடுச்சு. அப்பளம் இல்ல, பால் சட்டி இல்ல, பிள்ளையள் இல்ல, எல்லாத்தையும் எடுத்தாச்சு. வடிவு வெளியவே நின்னுக்கிட்டு ஜன்னல் வழியாக் கையை விட்டா. முப்பது வருஷத் துரு, சாவி கிரீச்சுனு திரும்புச்சு. சத்தம் பொட்டுனு நின்னுட்டு. அவ சாவியைத் திரும்ப ஆன் பண்ணி வச்சா. வாய்க்கால்ல தண்ணி போற சத்தம் கேக்குது, வேற ஒண்ணும் இல்ல. எங்கயோ ஒருத்தரு எஞ்சின் நின்னுதேன்னு ஓடி வரணும், பாக்கணும், ஹேண்டிலை எடுக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு வண்டி ஒரு குலுக்கு குலுங்குச்சு, ஒரே இழுப்பு, ஓடுச்சு. ரெண்டாவது தடவை அணைச்சா. இந்தத் தடவை நேரம் கூட ஆச்சு. ஒரே இழுப்பு, ஓடுச்சு. மூணாவது தடவை அணைக்க அவ கை போகலை, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நான்கூட வேண்டாம் வடிவுன்னு சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள அணைச்சு, முன்ன மாதிரியே திரும்ப ஆன்லயும் வச்சுட்டா.

ஓடலை. ஏழு மணியாச்சு, எட்டு மணியாச்சு, பத்து மணிக்குக் கூட்டம் கலைஞ்சுது. மறுநாளும் ஓடலை. அவருதான், அவரேதான்னு வடிவு வீட்டை மொழுகிக் கோலம் போட்டா, சத்துணவுக்கு லீவு சொல்லிட்டா, மீன் வாங்கிக் கொழம்பு வச்சா. ஊரு அவளைத் திட்டிச்சு. நல்லா ஓடுனதை நோண்டி நிப்பாட்டிட்டாளே கூறுகெட்டவன்னு இசக்கியம்மா வாய்க்கால் கரையில நின்னு சத்தம் போட்டா, வயித்துவலிப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தவ ஒருத்தி மண்ணை வாரித் தூத்தாத குறை. மூணு நாள் போச்சு, நாலு நாள் போச்சு. மீன்கொழம்பு தெனமும் நாய்க்குத்தான் போச்சு.

அஞ்சாம் நாள் பதினோரு மணிக்கு, சாரல் விழுந்துக்கிட்டு இருக்கையில, மினிபஸ்லருந்து ஒரு பொம்பளப்பிள்ளை எறங்குச்சு, இருவத்தேழு இருவத்தெட்டு வயசு இருக்கும், தோளு நல்ல அகலம், கையில துண்டு சுத்துன ஏதோ கனமான சாமான். "ஏனுங்ணா, எஞ்சின் இல்லாத காரு நிக்கிற வீடு எதுங்க?"ன்னு என்கிட்ட கேட்டுது. நான் அது மூஞ்சியைப் பாத்தேன். காது ரெண்டும் வெளிய விரிஞ்சு நிக்குது. அந்தக் காதை நான் பள்ளிக்கூடத்துல பிடிச்சுத் திருகியிருக்கேன். டீ ஆத்திக்கிட்டு இருந்த கை நின்னுட்டு.

நான் கூப்பிடுததுக்கு முன்னாலயே வடிவு வாசலுக்கு வந்துட்டா. அந்தப் பிள்ளை துண்டை அவுத்து உள்ள இருந்ததை நீட்டுச்சு. காரு ஸ்டார்ட் பண்ணுத ஹேண்டிலு, கை பிடிக்க இடம் மட்டும் வெள்ளி மாதிரித் தேஞ்சு மினுங்குது. "எம் பேரு மாதேஸ்வரிங்க. தாளவாடியில இருந்து வாரனுங்க, பெரியம்மா"ன்னுது. பெரியம்மான்னு கேட்டதும் வடிவுக்கு எல்லாம் வெளங்கிட்டு.

"எங்க அவரு?"

"அப்பா செத்துப் போயிட்டாருங்க. ஆனி ஏழாந்தேதி. மூணு நாள் தோட்டத்துக்குப் போகலீங்க. பதினோராந்தேதிதான் நான் போயி முதல்முதலா ஹேண்டில் போட்டேன்."

பதினோராந்தேதி. வடிவு என்னைத் திரும்பிப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன். "அப்ப இத்தனை நாளும் நான் பூ வச்சுக்கிட்டுக் கேட்டது உன்னையவா?"ன்னா. பெறவு ஆத்தா ஆத்தான்னு கத்தி அழுதா, உச்சிமாகாளியைத் திட்டுனா, வாயில வராத வார்த்தை எல்லாம் வந்துச்சு, பாவி, துரோகி, ஒரு கடுதாசி போடக் கை இல்லாமப் போச்சான்னு ஹேண்டிலைப் பிடுங்கிக் காரோட மட்காடுல ஓங்கி ஒரு போடு போட்டா. தகரம் சொட்டையாயிட்டு. அந்தப் பிள்ளை சாரல்ல நனைஞ்சுக்கிட்டு அப்படியே நின்னுது, ஒண்ணும் தடுக்கலை.

அழுது ஓஞ்சபொறவு அது சொன்னது இதுதான். எஞ்சினைக் குடுக்க மனசு வராம மதுரை தாண்டிப் போனவன், தாளவாடியில ஒருத்தரோட தோட்டம் காயுதேன்னு ஒரு வாரம் தண்ணி இறைச்சுக் குடுத்துட்டுப் போறேன்னு நின்னிருக்கான். கரண்ட் இன்னும் வந்து சேராத காடு. ஒரு வாரம் ஒரு மாசமாச்சு, பெறவு இந்தப் பிள்ளையோட அம்மாவைப் பாத்துட்டான், பெறவு வெக்கம் வந்துட்டு, வெக்கத்துக்கு மேல வெக்கமா வருஷம் ஏறிட்டு.

"ஆனா ஒண்ணுங்க பெரியம்மா. தெனமும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டு அப்பா அதும் பக்கத்துலயே செத்த நேரம் நிப்பாருங்க. மத்தவங்க எஞ்சின் நின்னாத்தான் வருத்தப்படுவாங்க. எங்கப்பா அது ஓடிட்டே இருந்தா வருத்தப்படுவாரு. சாகறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாருங்க, அது தானா மூணு தடவை அணைஞ்சுதுன்னா நாலாவது தடவை நீ ஸ்டார்ட் பண்ணாத, அவ கூப்பிடறா, நான் இல்லீன்னா நீ போன்னு. நாலு நாளு யோசிச்சனுங்க. அம்மாதான் போயிட்டு வான்னு சொன்னாங்க."

வடிவு அப்படியே கார்ப் படியில உக்காந்துட்டா. முப்பது வருஷமா அவன் அங்க நின்னு காத்துக்கிட்டு இருந்திருக்கான், இவ அணைக்கணும்னு. இவ இங்க சாவியைத் தொடாம காத்திருக்கா. அவன் ஓட்டுன காலத்துல இங்க ஒரு சத்தமும் கேக்கலையே, செத்தபொறவு மகள் ஓட்டுனது மட்டும் எப்படிக் கேட்டுதுன்னு எங்க ஊருல எல்லாரும் எல்லாரையும் கேட்டாச்சு, இன்னைவரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லலை. எனக்கும் தெரியாது.

நான் ரெண்டு டீ கொண்டு போனேன். ரெண்டு பேரும் குடிச்சாக. பெறவு வடிவு கேட்டா:

"உங்கப்பா எத்தனை இழுப்பு இழுப்பாரு?"

"மூணுங்க. ரெண்டு இழுத்துட்டு நின்னுக்குவாரு. துண்டை இறுக்கிக் கட்டுவாரு. எனக்குச் சிரிப்பா வரும்."

வடிவு சிரிச்சா. அழுதுக்கிட்டேதான் சிரிச்சா, ஆனா சிரிச்சா, முப்பது வருஷத்துல நான் பாக்காத சிரிப்பு, அது எனக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் பாத்தேன். எந்திரிச்சு ஹேண்டிலை அந்தப் பிள்ளை கையில குடுத்தா. "போடு. அவரு மாதிரியே போடு"ன்னுட்டு, ஜன்னல் வழியாக் கையை விட்டு, ஆன்ல இருந்த சாவியைப் பிடிச்சுக்கிட்டா.

மாதேஸ்வரி முன்னால போயி, பம்பருக்கு மேல இருக்க ஓட்டையில ஹேண்டிலைச் சொருகுச்சு. ஒண்ணு இழுத்துது. ரெண்டு இழுத்துது. நின்னுது. துண்டை எடுத்து இடுப்புல இறுக்கிக் கெட்டுச்சு. மூணாவது இழுப்புக்கு, உள்ள ஒண்ணுமே இல்லாத அந்தப் பானெட்டு ஒரு உலுக்கு உலுக்கி ஓட ஆரம்பிச்சுது, பாலத்துலருந்து இசக்கியம்மா ஓடி வாரா, தாளவாடியில ஆள் இல்லாத தோட்டத்துல தண்ணி பாய்ஞ்சிருக்கும், மூணாம் நம்பர் டேப்பட்டு டிக்கு டிக்குன்னு எனக்கு நல்லாவே கேட்டுது. வடிவு கை சாவி மேலயே இருந்துது. நாங்க எல்லாரும் அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்.

செத்த நேரம் கழிச்சுக் கையை வெளிய எடுத்தா.

"ஓடட்டும்"னா. "வீணாப் போனாப் போவட்டும்."